உப்புப் போட்டாச்சா, மருதாயி?

மலையடிவாரத்தில் நெட்டூரணின்னு ஒரு ஊர் இருந்துச்சாம். அந்த ஊரில் மருதாயின்னு ஒருத்தி இருந்தாளாம். நல்லவள்தான், ஆனா எதுக்கெடுத்தாலும் மனசு படபடன்னு அடிச்சுக்கும். வீட்டைப் பூட்டிக்கிட்டுக் களத்துமேடு வரைக்கும் போவாள், பூட்டினோமான்னு திரும்பி வந்து பார்ப்பாள், மறுபடியும் போவாள், அடுப்பை அணைச்சோமான்னு மறுபடியும் திரும்பி வருவாள். அப்படிப்பட்டவளுக்கு அந்த ஊரில் என்ன வேலை தெரியுமா? அம்மனுக்குச் சோறாக்குற வேலை.

வருஷத்துக்கு ஒரு தரம் கொடைவிழா வரும். அன்னைக்குப் பெரிய அண்டாவில் பருப்புச் சோறு பொங்கி, அம்மனுக்குப் படைச்சு, அப்புறம் ஊரே உட்கார்ந்து சாப்பிடும். அதில் ஒரு வழமை உண்டு. சாமிக்கு ஆக்குற சோத்தை மனுஷர் யாரும் முன்னாடி ருசி பார்க்கக் கூடாது, வாசனைகூடப் பிடிக்கக் கூடாது. அதனால் ஆக்குறவள் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கிட்டுத்தான் அடுப்புப் பக்கமே போவாள். உப்பு கூடுச்சா குறைஞ்சுச்சான்னு நாக்கில் வச்சுப் பார்க்க வழியே இல்லை. பெரிய கொட்டாங்கச்சி ஒண்ணு இருக்கும், அது நிறையக் கல்லுப்பு, ஒரே தரம் போடணும், அவ்வளவுதான் கணக்கு.

அந்தச் சோத்துக்குக் கூலியா ஊரணிக்குக் கீழே ஒரு வயலை மருதாயி குடும்பத்துக்கு மானியமா விட்டிருந்தாங்க. மருதாயி, அவள் புருஷன், தாலியறுத்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட நாத்தனார் இருளாயி, இந்த மூணு வயிறும் அந்த ஒரு வயலை நம்பித்தான். சோறு கெட்டுப்போனா ஊர் ரெண்டு தரம் பொறுக்கும். மூணாவது தரம் வயல் அடுத்த மருமகளுக்குப் போயிடும். அடுத்த மருமகள் யாருன்னா மருதாயியின் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி பூவம்மா.

பூவம்மா வாயிலிருந்து "ஆமா" தவிர வேறு வார்த்தை வராது. "இன்னைக்கு வெக்கையா இருக்கு"ன்னு மருதாயி சொன்னா, "ஆமாக்கா, வேர்த்துக் கொட்டுது"ம்பாள். உடனே ஒருத்தி வந்து "குளிருது"ன்னா, "ஆமாக்கா, பல்லு தந்தியடிக்குது"ம்பாள். கேட்கிறவங்களுக்கு மனசு குளிர்ந்து போயிடும்.

இருளாயி அதுக்கு நேர்மாறு. "விறகு நல்லாக் காஞ்சிருக்கு"ன்னா "இல்ல மதினி"ம்பாள். "பால் பொங்கிருச்சு"ன்னா "இன்னும் பொங்கல"ம்பாள். விடிஞ்சிருச்சுன்னு கோழி கூவினாலும் "இல்ல"ன்னு கோழிகிட்டேயே சண்டைக்குப் போவாள். மருதாயிக்கு அவளைக் கண்டாலே எரிச்சல். என்ன செய்ய, ஒரே அடுப்படி.

ஒரு வருஷம் கொடை வந்துச்சு. அண்டா கொதிக்குது, மேளம் கொட்டுறாங்க, மருதாயிக்கு வழக்கம்போல நெஞ்சு அடிச்சுக்க ஆரம்பிச்சிருச்சு.

"பூவம்மா, நான் உப்புப் போட்டேன்ல?"

"ஆமாக்கா, போட்டீங்க. நான்தான் பார்த்தேனே."

"இல்ல மதினி, போடல"ன்னு இருளாயி குறுக்கே வந்தாள். "அந்தக் கொட்டாங்கச்சியை…"

"நீ சும்மா இருடி! காலையிலிருந்து நான் சொன்ன ஒண்ணையாவது ஒத்துக்கிட்டியா?"

பந்தியில் முதல் உருண்டையை வாயில் வச்ச ஊர்ப்பெரியவர் அப்படியே நிறுத்திட்டார். சோத்தில் உப்பே இல்லை. "போகட்டும், அம்மனுக்கு இந்த வருஷம் பத்தியம் போல"ன்னு சிரிச்சுக்கிட்டே ஊர் ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டுட்டுப் போச்சு.

அடுத்த வருஷமும் கொடை வந்துச்சு. அண்டா கொதிக்குது, மேளம் கொட்டுறாங்க, மருதாயிக்கு நெஞ்சு அடிச்சுக்குது. போன வருஷம் பட்டதை நினைச்சு நினைச்சு, இந்தத் தரம் வேற மாதிரி கேட்டாள்.

"பூவம்மா, நான் இன்னும் உப்புப் போடலதானே?"

"ஆமாக்கா, போடல. மறந்துட்டீங்க."

"போட்டுட்ட மதினி! அந்தக் கொட்டாங்கச்சியை…"

"போன வருஷம் ஏதோ குருட்டாம்போக்கில் சொன்னது பலிச்சிருச்சுன்னு குதிக்காதடி. நாங்க ரெண்டு பேரு சொல்றோம், நீ ஒருத்தி சொல்ற"ன்னு மருதாயி கொட்டாங்கச்சி நிறைய அள்ளிப் போட்டுட்டாள். அன்னைக்குச் சோத்தை ஒருத்தராலும் விழுங்க முடியலை. ஊரணியில் பாதித் தண்ணி அன்னைக்கே காலியாகியிருக்கும், அப்படி ஒரு தாகம். ஊர்ப்பெரியவர் இந்தத் தரம் சிரிக்கலை. "அடுத்த வருஷம் பார்த்துக்க மருதாயி"ன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்து போனார்.

மருதாயி ஊரணிப் படியில் அண்டாவைப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டே அழுதாள். அழுகையோட யோசனையும் வந்துச்சு. போட்டேனான்னு கேட்டப்போ பூவம்மா ஆமான்னாள். போடலையான்னு கேட்டப்போவும் ஆமான்னாள். அப்ப அவள் எங்கே பார்த்தாள்? நான் சொன்னதைத்தானே எனக்கே திருப்பிக் கொடுத்திருக்காள். நாங்க ரெண்டு பேருன்னு சொன்னேனே, அது நான் ஒருத்திதானே!

சரி, இனிமே இருளாயி சொல்றதுதான் வேதம்னு முடிவு பண்ணி வீட்டுக்குப் போனாள். போனதும், "இருளாயி, பசு பால் வத்திருச்சே, வித்துடலாமா?"ன்னு கேட்டாள்.

"வேண்டாம் மதினி."

"சரி, விக்கல."

"ஏன் விக்கல? வித்தா என்ன?"

மருதாயி தலையில் கை வச்சுக்கிட்டாள். ஒருத்தி எதைச் சொன்னாலும் ஆமாங்கிறாள், ஒருத்தி எதைச் சொன்னாலும் இல்லைங்கிறாள். ரெண்டும் ஒண்ணுதானே? வெறுத்துப்போய், "ஏண்டி வேண்டாம்னு சொன்ன? அதையாவது சொல்லித் தொலை"ன்னு கத்தினாள்.

இருளாயி கொஞ்சம் திகைச்சுப் போனாள். இதுவரைக்கும் அவளை ஏன்னு கேட்டவங்க யாருமே இல்லை. அப்புறம் மெல்ல, "பசு சினை மதினி. வயித்தைத் தொட்டுப் பாரு"ன்னாள். மருதாயி போய்த் தொட்டுப் பார்த்தாள். ஆமாம், சினைதான்.

"அப்புறம் ஏண்டி வித்தா என்னன்னு கேட்ட?"

"அது சும்மா. நீ சரின்னு சொல்லிட்டியே, அதான்."

மருதாயிக்குச் சிரிப்பு வந்துருச்சு. அன்னைக்கிலிருந்து அவள் ஒரு பழக்கம் பிடிச்சுக்கிட்டாள். யார் ஆமான்னாலும் ஏன்னு கேட்பாள், யார் இல்லைன்னாலும் ஏன்னு கேட்பாள். இருளாயி பாதி நேரம் காரணம் சொல்லுவாள், பாதி நேரம் "சும்மா"ன்னு உதட்டைப் பிதுக்குவாள். காரணம் சொன்னா மருதாயி போய்ப் பார்ப்பாள், சும்மான்னா விட்டுடுவாள். பூவம்மாகிட்ட கேட்டா எப்பவும் ஒரே பதில்தான்: "நீங்க சொன்னாச் சரியாத்தானேக்கா இருக்கும்."

மூணாவது வருஷமும் கொடை வந்துச்சு. இந்தத் தரம் அந்த நாட்டு ராஜாவே பந்திக்கு வர்றாருன்னு சேதி வேற. மருதாயிக்கு ஒரு வாரமாத் தூக்கமே இல்லை. கொடை அன்னைக்குக் காலையில் கொட்டாங்கச்சியைப் புதுத்துணியால் துடைச்சு, உலர வச்சு, உப்புப்பானை மூடி மேல கவிழ்த்து வச்சாள். இந்தத் தரம் மறக்கவே மாட்டேன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாள். அண்டா கொதிக்குது, மேளம் கொட்டுறாங்க. சரியா உப்புப் போடுற நேரத்தில், "ராஜா வந்துட்டாரு, மருதாயி! ஆரத்தி எடுக்க வா!"ன்னு கூப்பிட்டுட்டாங்க. இருளாயி ஊரணிக்குத் தண்ணிக்குப் போயிருந்தாள். மருதாயி பூவம்மாவை அடுப்புக்குக் காவல் வச்சுட்டு ஓடினாள்.

திரும்பி வந்து வாய்த்துணியை இறுக்கிக் கட்டினாள். கொட்டாங்கச்சி கவிழ்த்தது கவிழ்த்தபடியே இருக்கு. இருளாயியும் குடத்தோட வந்து சேர்ந்தாள்.

"நான் இன்னும் உப்புப் போடல"ன்னாள் மருதாயி. இந்தத் தரம் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பானையைத் திறக்கக்கூட இல்லைன்னு நல்லாவே தெரியும்.

"ஆமாக்கா, போடல. சீக்கிரம் போடுங்க, ராஜா காத்திருக்காரு."

மருதாயி கொட்டாங்கச்சியைக் கையில் எடுத்தாள். இருளாயி குடத்தை இறக்கி வச்சுட்டு எட்டிப் பார்த்தாள்.

"இல்ல மதினி. உப்புப் போட்டாச்சு."

பாருங்க, மருதாயிக்கு எப்படி இருந்திருக்கும்! தன் கண்ணே சாட்சி, தன் கையே சாட்சி. வெளியே ராஜா உட்கார்ந்திருக்காரு. இவ இப்பவும் இல்லைங்கிறாளே. கோபம் மூக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா ஒரு வருஷமாப் பழகின வாய் தானாகவே கேட்டுச்சு.

"பூவம்மா, ஏன் போடலங்கிற?"

"நீங்க சொன்னாச் சரியாத்தானேக்கா இருக்கும்."

"இருளாயி, ஏன் போட்டாச்சுங்கிற?"

"அந்தக் கொட்டாங்கச்சியைத் தொட்டுப் பாரு. மூணு வருஷமா இதைத்தான் சொல்ல வர்றேன், எங்கே விடுற? உப்பைக் கொட்டுறப்போ அண்டா ஆவி பட்டு உள்பக்கம் நனைஞ்சுபோகும். போடலைன்னாக் காஞ்சு கிடக்கும்."

மருதாயி உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். ஈரம். விரலில் உப்புக்கல்லும் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. காலையில் துடைச்சு உலர்த்தினது அவள்தானே! கொட்டாங்கச்சியைக் கீழே வச்சாள், கரண்டியை எடுத்தாள், சோத்தை ஒரு கிண்டு கிண்டி இறக்கிட்டாள். பூவம்மா முகம் வெளிறிப் போச்சு.

அம்மனுக்குப் படைச்சாங்க. பந்தி போட்டாங்க. ராஜா ஒரு வாய் வச்சாரு, ரெண்டாவது வாய் வச்சாரு, மூணாவது வாய்க்கு இலை மேல குனிஞ்சவர் நிமிரவே இல்லை. இலையை வழிச்சுத் தின்னுட்டுத்தான் கேட்டாரு.

"பிரமாதம்! யாரம்மா உப்புப் போட்டது?"

மருதாயிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "நான் போடலிங்க மகாராஜா"ன்னாள். ஊரே திரும்பிப் பார்த்துச்சு. நடந்ததை ஒண்ணுவிடாமச் சொன்னாள். ராஜா கை கழுவிட்டு மெதுவாப் பூவம்மா பக்கம் திரும்பினாரு.

"காவலுக்கு இருந்தது நீதானே?"

"ஆமாங்க மகாராஜா."

"அப்ப உப்புப் போட்டதும் நீதான்?"

"ஆமாங்க மகாராஜா." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடிச்சாள். பழகின வாயாச்சே, எங்கே நிக்கும்?

"உன் அக்கா வந்து இன்னொரு தரம் போடுவா, சோறு கெடும், வயல் உனக்கு வரும், அதானே?"

"ஆ… ஆமாங்க மகாராஜா."

"நல்லது. இனி வருஷா வருஷம் கொடை முடிஞ்சதும் அடிப்பிடிச்ச அண்டாவை நீயே தேய்ச்சுக் கவிழ்க்கிறியா?"

பூவம்மா வேர்த்துப்போய் நின்னாள். வேற வார்த்தை வரணுமே! "ஆமாங்க மகாராஜா."

ஊர் அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பில் ஊரணி வாத்தெல்லாம் கரையேறி ஓடிப்போச்சாம். வயல் மருதாயிகிட்டேயே நின்னுச்சு. பசு அதுக்கு முன்னாடியே கன்னு போட்டிருந்துச்சு. மருதாயி இப்பவும் பூட்டின வீட்டுக்கு ரெண்டு தரம் திரும்பி வரத்தான் செஞ்சாள், அந்தச் சுபாவம் எங்கே போகும்? ஆனா முன்னைப்போல அழுகிறதில்லை.

கொடை அன்னைக்குச் சாயங்காலம் மிச்சச் சோத்தை நடுவில் வச்சு அவளும் இருளாயியும் சாப்பிட உட்கார்ந்தாங்க. "நம்ம அம்மன்தான் காப்பாத்தினா, இல்லடி?"ன்னாள் மருதாயி.

"இல்ல மதினி, கொட்டாங்கச்சி."

"சரி, சோறாவது நல்லா இருக்கா?"

இருளாயி ஒரு உருண்டையை மென்னு முழுங்கினாள். இன்னொரு உருண்டையை எடுத்தாள். "ஆமா மதினி, நல்லா இருக்கு"ன்னாள்.

மருதாயிக்குக் கையில் எடுத்த சோறு அப்படியே நின்னுபோச்சு. பிறந்ததிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தையாச்சே! "ஏண்டி?"ன்னு கேட்டாள்.

"பசிக்குது, அதான்"னு சொல்லிட்டு இருளாயி அடுத்த உருண்டையை உருட்டினாள்.

அவங்க அங்கே இலையை மடிச்சாங்க, நான் இங்கே கதையை மடிச்சேன். கதை நல்லா இருந்துச்சா? ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி, ஏன்னு சொல்லிட்டுப் போய்ப் படுங்க.