ஓணானுக்குச் சொரசொரத் தோல் வந்த கதை

அந்தக் காலத்தில் ஓணானின் தோல் தவளைத் தோல் மாதிரி வழவழவென்று இருந்தது. வாயும் பேசும். பெருமை பேசாமல் இருக்கத்தான் அதற்குத் தெரியாது.

உசிலம்பட்டிப் பக்கம் ஒச்சாயி என்று ஒருத்தி. கால் முறிந்த கிடாயை அறுத்து, கறியை உப்பிட்டுக் காயவைக்கிற உப்புக்கண்டம் போட்டாள். அடைமழைக் காலம் முழுக்க வீட்டுக்கு அந்தக் கறிதான். போன வருஷம் போட்டது பானைக்குள்ளேயே அழுகிப் புழு வைத்துவிட்டது. பிள்ளைகள் வெறுங்கஞ்சி குடித்தார்கள். மதினி போட்ட கண்டத்தை நாய் மோந்து பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போனதாகக் கொழுந்தன் வீரணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

இந்தத் தடவை விடுவதில்லை என்று உப்பும் மஞ்சளும் அழுத்தித் தேய்த்து, கறியை நூலில் நெருக்கிக் கோத்து, வெயிலும் காற்றும் நேராக முட்டுகிற வேலியில் கட்டினாள். ஓணான் பக்கத்திலேயே வந்து படுத்தது. உன் கறியைவிட நான் வெயில் தாங்குவேன், பார்க்கிறாயா என்றது.

சாயங்காலம் கறி விறைத்துவிட்டது. காய்ந்தாயிற்று என்று ஒச்சாயி பானையை எடுத்து வந்தாள். ஓணானால் இறங்கக்கூட முடியவில்லை.

"ஏத்தா, மேலே ஓடாட்டம் ஆயிட்டேன். உள்ள ஈரம் வெளிய வர வழியில்லாம வேகுதுத்தா."

ஒச்சாயிக்குச் சுருக்கென்றது. ஒரு துண்டை அரிந்து பார்த்தாள். மேலே கட்டை, நடுவில் பச்சை மாமிசம், கொழகொழவென்று. போன வருஷம் இதைத்தான் பானையில் போட்டு மூடியிருக்கிறாள்.

உடனே மொத்தத்தையும் அவிழ்த்தாள். உப்புத்தண்ணீர் தொட்டு மேலே இளக்கி, துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி விட்டு மறுபடி கோத்தாள். வண்டிக் கொட்டகை நிழலில், காற்று மெதுவாக ஊடே போகிற இடத்தில் தொங்கவிட்டாள். ஓணான் உடம்பிலும் தண்ணீர் தெளித்தாள். உயிர் பிழைத்தது, வழவழப்பு திரும்பவில்லை.

"என் கறிக்கு உன் தோல் போச்சேடா."

"போனாப் போகட்டும். கேக்குறவங்ககிட்ட ஓணான் காப்பாத்துன கறின்னு சொல்லு."

அது கடைசியாகப் பேசியது அதுதான். தொண்டையும் காய்ந்துபோயிருந்தது.

மதினி கறிக்குத் தாலாட்டுப் பாடுகிறாள் என்றான் வீரணன். ராத்திரி ஈரக்காற்று அடித்தால் அவள் கண்டத்தை வீட்டுக்குள் எடுத்தாள், விடிந்ததும் கொட்டகை நிழலில் கட்டினாள்; உள்ஈரம் வற்றிய பிறகுதான் வேலி வெயிலுக்கு மாற்றினாள். மூன்றாம் நாளே காய்ந்துவிட்டது, எடுத்துவிடு என்று ஊரார் சொன்னார்கள். அவள் ஓணானைப் பார்த்தாள். அது தலையாட்டவில்லை. ஒன்பதாம் நாள் ஓணானே ஒவ்வொரு துண்டாக அமுக்கிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டியது.

அடைமழையில் ஊரே கருவாட்டுக்கு அலைந்தபோது ஒச்சாயி வீட்டில் கண்டம் வறுபட்டது. வீரணன் மூன்றாம் தடவை தட்டை நீட்டினான்.

"நாய்க்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க கொழுந்தனாரே" என்றாள்.

அன்று முதல்தான் உப்புக்கண்டத்துக்கு முதலில் நிழல், அப்புறம்தான் வெயில். ஓணானும் அந்தச் சொரசொரத் தோலோடு, நெஞ்சை நிமிர்த்தி, வேலிக்கு வேலி தலையாட்டிக்கொண்டிருக்கிறது.