ஆல்ட்டோ வரிசையில் ஒரு ஸ்பீக்கர்

ஈஸ்டருக்கு ஒன்பது நாள் இருந்தது. பாளையங்கோட்டைப் பக்கத்துக் கோயில் ஒன்றில் பாடகர் குழுவை நடத்தும் எபனேசர், குழுவின் முன் நின்று கைவீசிப் பாட்டை நடத்தத் தனக்குக் கற்றுத்தந்த ஜெமிமா டீச்சரை ஒத்திகைக்கு அழைத்திருந்தார். டீச்சருக்கு அவரைவிடப் பதினெட்டு வயது குறைவு. அதனால் என்ன, சந்தேகம் என்று வந்தால் அவர் போய் நிற்பது அந்த வாசலில்தான்.

எபனேசர் கையில் டேப்லெட் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரச் சாமான். சுருதி கொடுக்கும், தாளம் தட்டும், பாட்டுத் தாளைத் தானே புரட்டும். ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பதிந்துவைக்கவும் அதில் ஒரு ஆப் உண்டு. தாழ்ந்த பெண்குரலான ஆல்ட்டோ பாடுகிறவர்கள் வீட்டில் கேட்டுப் பழகட்டும் என்று அவர் மனைவி ஹெப்சி ஈஸ்டர் பாட்டை அதில் பாடி வைத்திருந்தாள். போன வருஷம் காலமாகிவிட்டாள்.

“டீச்சர், பண்டிகை அன்னைக்கு இதை ஸ்பீக்கர்ல போட்டு நாங்க கூடப் பாடலாமா? ஒரே ஒரு தடவை.”

“இப்பவே போட்டுப் பாத்திருவோம் அண்ணாச்சி.”

ஹெப்சி வழக்கமாக நிற்கும் இடத்தில் டீச்சரே ஸ்பீக்கரை வைத்தார். டேப்லெட்டையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பாட்டு தொடங்கியது. பதினாலு பேர், பதினைந்தாவதாக ஹெப்சி. கைவீசிக்கொண்டே எபனேசர் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார். இந்தக் குரலுக்குத்தான் எத்தனை நாள் ஏங்கிக் கிடந்தார்!

கடைசிச் சரணத்தில் அவள் குரல் குழைந்து ஏறும் இடம் வந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று தன்னை அறியாமல் கையை உயர்த்திப் பிடித்தார். அந்தக் கை இறங்கும்வரை சுரத்தை விடக்கூடாது, அது குழுவின் பழக்கம். பதினாலு பேரும் அவர் கையையே பார்த்தபடி பிடித்து நின்றார்கள்.

ஹெப்சி நிற்கவில்லை. அடுத்த வரிக்குப் போனாள். அதற்கும் அடுத்த வரிக்குப் போனாள்.

“என் கையப் பாக்காம அவ ஒரு வரி தாண்டினதில்ல டீச்சர்,” என்றார் எபனேசர். கை அப்படியே நின்றது. “அவள நிக்க வைக்க ஏதாவது ஆப் இருக்கா?”

ஸ்பீக்கர் பாட்டை முடித்து ஓய்ந்தது. மேல் ஆண்குரலான டெனர் பாடும் செல்வினுக்கு முகம் சிவந்துவிட்டது. பின்வரிசையில் ஒருத்தி திருட்டு மூச்சு வாங்கி மறுபடி பிடித்தாள். ஒருவரும் விடவில்லை.

“இவங்க நிக்காங்க அண்ணாச்சி,” என்றார் டீச்சர். “கைய எறக்குங்க.”