கறுப்புக் கூண்டு விளக்கின் விடை

முன்னொரு காலத்திலே, பட்டுப்பூச்சிகளும் பட்டத்து ராஜாக்களும் நிறைந்திருந்த சீன தேசத்திலே, யூன்ஹூ என்று ஓர் ஏரிக்கரைப் பட்டணம் இருந்தது. வருடத்தின் முதல் பௌர்ணமியன்று அங்கே வாசலுக்கு வாசல் காகிதக் கூண்டு விளக்குகள் தொங்கும். ஒவ்வொரு விளக்கிலும் வெளியே ஒரு விடுகதை, உள்ளே அதன் விடை. அவிழ்த்தவருக்குப் பரிசு!

ஒரு வருஷம் ஹெய்ஷான் என்ற மந்திரவாதி வந்தான். கடைத்தெரு நடுவே யானை உயரத்துக்கு ஒரு கறுப்பு விளக்கைத் தொங்கவிட்டான்.

"என் விடுகதையை அவிழ்த்தால் கேட்ட வரம் தருவேன். இது என் மந்திரத்தின்மேல் ஆணை! மூன்று விடை சொல்லலாம். மூன்றும் தப்பானால், நீங்களும் விளக்காகித் தொங்க வேண்டியதுதான்!"

போனவர் எல்லாம் விளக்கானார்கள். ராஜகுமாரி நீல விளக்கானாள். பறக்கும் குதிரையை வரமாகக் கேட்கப் போன போவென் என்ற இளைஞன் மஞ்சள் விளக்கானான்.

போவெனின் தங்கை சூயினுக்கு அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே கறுப்பு விளக்கின் முன்னால் போய் நின்றாள்.

"ஏய் அசடே, வீட்டுக்குப் போ!" என்று கத்தியது மஞ்சள் விளக்கு.

"நீ இல்லாத வீட்டுக்கு எப்படிப் போவேன், அண்ணா?" என்றாள் அவள். விடுகதையைப் படித்தாள்.

'பத்துப் பேருக்குப் பகிர்ந்தாலும் பங்கு தந்தவனுக்குப் பங்கமில்லை. அது என்ன?'

"அன்பு" என்றாள்.

விசிறியைப் படாரென்று மடக்கினான் மந்திரவாதி. "தப்பு!"

"கல்வி."

படார்! "தப்பு!"

மஞ்சள் விளக்கு ஆடி ஆடிக் கிசுகிசுத்தது. "சூயின், நான் அன்பு, கல்வி, சுடர் மூன்றையும் சொல்லிப் பார்த்தேன். மூன்றும் தப்பென்றுவிட்டான்!"

சூயின் அண்ணாந்து பார்த்தாள். ஊரெல்லாம் விளக்கு எரிகிறது. இந்த ஒன்று மட்டும் ஏன் எரியவில்லை? உள்ளே இருக்கும் விடை வெளியே தெரியக்கூடாதென்றுதானே!

தரையில் கிடந்த மூங்கில் குச்சியை எடுத்தாள்.

"அண்ணா, கொஞ்சம் நெருப்புக் கொடேன்."

"தாராளமாக எடுத்துக்கொள். எனக்கென்ன குறைந்துவிடப் போகிறது!"

"ஏய், நில்! தொடாதே!" என்று பாய்ந்தான் மந்திரவாதி. அதற்குள் அவள் கறுப்பு விளக்கின் திரியைப் பற்றவைத்துவிட்டாள்.

குப்பென்று வெளிச்சம்! காகிதத்தின் உள்ளேயிருந்து பெரிய பெரிய எழுத்து பளிச்சிட்டது. ஊரே ஒரே குரலில் படித்தது: "சுடர்!" போவென் சொன்ன சரியான விடையைத்தான் மந்திரவாதி தப்பென்று ஏமாற்றியிருந்தான்!

"அதுதான் என் மூன்றாவது விடை" என்றாள் சூயின். "இப்போது வரம் கொடும். இங்கே தொங்குகிற எல்லோரும் மனிதராகட்டும்!"

ஆணையை மீற முடியுமா? மஞ்சள் விளக்கு போவெனானது. நீல விளக்கு ராஜகுமாரியானது. மற்றவர்களும் கயிற்றிலிருந்து தொப் தொப்பென்று குதித்தார்கள். அந்த ஒரே வரத்தில் ஹெய்ஷானின் மந்திரமெல்லாம் தீர்ந்துபோக, அவன் வெறும் கிழவனாக விழித்தான். வருஷா வருஷம் ஊர் விளக்குகளை அவனே ஏற்ற வேண்டுமென்று ராஜா தீர்ப்புச் சொன்னார்.

"உனக்கு என்னம்மா வேண்டும்?" என்று சூயினைக் கேட்டார்.

"விடை சொன்னவருக்குப் பாகில் மிதக்கும் கொழுக்கட்டை கொடுங்கள், மகாராஜா. சொல்லாதவருக்கும் கொடுங்கள்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றே அவளை விடுகதை மந்திரியாக்கினார். சட்டி சட்டியாகக் கொழுக்கட்டை வெந்தது. ஏரி முழுக்க விளக்கு மிதந்தது. ஊரே வயிறு நிறைய உண்டு, வாய் நிறையச் சிரித்து, நன்றாக வாழ்ந்தது!