எடுத்து வைத்த நாற்காலி

"என் பேரை அடிச்சிருங்க சிஸ்டர். நாளையிலேர்ந்து நான் வரல."

சொன்னவர் சிதம்பரநாதன். முப்பத்திரண்டு வருஷம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சாவு விழுந்த வீடுகளுக்குப் போய்த் துணையிருக்கும் பயிற்சியில் சேர்ந்திருந்தார். பதினான்கு பேரில் அவர்தான் முதல் மதிப்பெண். அதைப் பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்காவது சொல்லியிருப்பார்.

கேட்டுக்கொண்டிருந்தவர் நர்ஸ் மெர்லின், பயிற்சியின் ஆசிரியை. வயது முப்பத்து மூன்று.

"தொண்ணூத்தாறு மார்க் வாங்கினவரு இப்படி ஓடலாமா சார்?"

"நான் செஞ்ச காரியம் உங்களுக்குத் தெரியாது."

"சொல்லுங்க."

"இசக்கியம்மா வீட்டுக்குப் போனேன். ஒரே மகன், பைக்ல அடிபட்டு இறந்துட்டான். நீங்க சொன்ன மாதிரியே ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். ஒரு புத்திமதி சொல்லல."

தலைமையாசிரியர் ஒருவர் ஒரு மணி நேரம் புத்திமதி சொல்லாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மெர்லினும் அதை ஒத்துக்கொண்டார்.

"அப்புறம்?"

"எந்திரிக்கும்போது பழக்க தோஷம். கையெடுத்துக் கும்பிட்டு, போயிட்டு வாரேம்மான்னு சொல்லிட்டேன்."

துக்க வீட்டில் யாரும் அப்படி விடைபெறுவதில்லை. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த முறை.

"அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. படிச்ச மனுசன் பேசுற பேச்சான்னு ஒருத்தர் கேட்டே விட்டாரு. அந்தத் தெருப்பக்கமே நான் போகல. பதினெட்டு நாளாச்சு."

"அந்த அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. என்னையே பாத்தாங்க."

மெர்லின் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க சார்."

ஆட்டோ இசக்கியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பந்தலைப் பிரித்திருந்தார்கள். முன்னறையில் ஒரே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் கிடந்தது.

சிதம்பரநாதன் வாசற்படியிலேயே தலைகுனிந்து நின்றார்.

"அன்னைக்குத் தெரியாம சொல்லிட்டேம்மா..."

இசக்கியம்மாள் முந்தானையால் நாற்காலியைத் துடைத்தார்.

"எத்தனையோ பேர் வந்தாங்க. ஒருத்தரும் வாரேன்னு சொல்லல, முறை அப்படி. நீங்க ஒருத்தருதான் சொன்னீங்க. பந்தல்காரங்க நாற்காலி ஒண்ணு குறையுதுன்னாங்க. நாந்தான் எடுத்து வச்சேன். ஏன் சார் இத்தனை நாளாச்சு?"

சிதம்பரநாதன் உள்ளே போய் உட்கார்ந்தார்.

மெர்லின் தெருவிலேயே நின்றுகொண்டார். இசக்கியம்மாள் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கியது அவருக்குக் கேட்டது. அழுதது கேட்டது. ஒரு தடவை சிரித்ததும் கேட்டது. சிதம்பரநாதனின் குரல் கேட்கவே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து நாற்காலி நகர்ந்தது. பிறகு, காலை வழிபாட்டில் எண்ணூறு பிள்ளைகளுக்கு மைக் இல்லாமல் கேட்ட அதே குரல்.

"போயிட்டு வாரேம்மா."

எதிர்வீட்டில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மெர்லினுக்கு அவரை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

"எப்ப சார்?" என்றார் இசக்கியம்மாள்.

"வியாழக்கிழமை."