குறட்டை நின்றால்

கம்ப்யூட்டர் சர்வர்களைக் கண்காணிக்கும் புரோகிராம் எழுத ஒரு கம்பெனியில் பயிற்சி நடந்தது. மேனேஜர் சந்தானகோபாலன் கட்டளை போட்டார்: "சர்வர் செத்துப்போனா, அதுக்குள்ள ஓடுற புரோகிராமே எனக்குச் சொல்லணும். முடியாதவங்க வேலையை விட்டுப் போகலாம்."

சர்வரோடு புரோகிராமும் செத்துவிடுமே! எல்லோரும் எழுதி எழுதி அழித்தார்கள்.

புதிதாகச் சேர்ந்த பேச்சியம்மாள் மட்டும் எழுதி முடித்தாள். "நிமிஷத்துக்கு ஒருதரம் 'இருக்கேன்'னு குரல் கொடுக்கும் சார். குரல் நின்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"பேசாம இருக்கிறது எப்படிம்மா தகவலாகும்?"

"மத்தியானம் உங்க ரூம்ல குறட்டை கேக்குற வரைக்கும் நாங்க அரட்டை அடிப்போம் சார். நின்னதும் சீட்டுக்கு ஓடிருவோம். நீங்க முழிச்சதை இதுவரைக்கும் யாரும் வந்து சொன்னதில்லை."

மேனேஜர் புரோகிராமை ஏற்றுக்கொண்டார். அன்று மத்தியானம் அவர் தூங்கவில்லை.