மீட்பு நிபுணருக்கு அனுப்பிய கட்டணம்

சிரிப்பு நிச்சயம் உண்டு. ஆனால் முதலில் என் முட்டாள்தனத்தைக் கேளுங்கள். அக்காவின் டிஜிட்டல் காசான கிரிப்டோ டோக்கன்களை, அவற்றுக்குப் பொருந்தாத வேறு வகை வாலட் (டிஜிட்டல் பணப்பை) முகவரிக்கு அனுப்பித் தொலைத்த மேதை நான்தான்.

“எங்க போயிருந்தாலும் பத்தே நிமிஷத்துல மீட்டுடுவேன். முதல்ல என் கட்டணம் வரணும்!” என்று போனில் கர்ஜித்தார் மீட்பு நிபுணர் தனசிங். அக்கா அடகு வைக்கக் கம்மலைக் கழற்றிவிட்டாள்.

தனசிங்கை மறுபடி அழைத்து, அவளும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா பேசுவது போலக் கட்டைக்குரலை எடுத்துவிட்டேன்.

“சார், கட்டணத்தை டோக்கனா அனுப்பிட்டேன். டோக்கனைத் தொலைச்ச என் தறுதலைப் பையன் புத்தி எனக்கும் ஒட்டிக்கிச்சு, நானும் வேற வகை முகவரிக்கே அனுப்பிட்டேன். நீங்களே மீட்டு எடுத்துக்குங்க.”

“யோவ், அறிவிருக்கா? அப்படிப் போனது எந்தக் கொம்பனாலயும் திரும்ப வராதுய்யா!”

அக்கா கம்மலை மாட்டிக்கொண்டாள்.

போனில் தனசிங்கின் கர்ஜனை சட்டென்று இறங்கியது.

“டேய்... நீ அந்தத் தறுதலைதானே?”