ஆள்காட்டி வாங்கிய மெருகு

காடு முடிந்து குளம் தொடங்கும் இடத்தில் ஒரு கூழாங்கல் வெளி. அங்கே ஓர் ஆள்காட்டிக் குருவி தன் மூன்று குஞ்சுகளோடு வாழ்ந்தது. அதற்குப் பாட்டுக் கட்டுவதில் ஆசை. இரை தேடிய நேரம் போக, எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

அதன் குரல் கரகரப்பானது. ஆனால் குஞ்சுகளுக்கு அது நன்றாகப் புரியும். அம்மா மெல்ல "டிட்-டீ" என்றால் இரை இருக்கிறது, ஓடி வரலாம். அதையே வீறிட்டுக் கத்தினால் ஆபத்து, தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும். படுத்துவிட்டால் கல் எது, குஞ்சு எது என்று எவருக்கும் தெரியாது.

கோடை மழை ஓய்ந்ததும் பறவைகள் மருதமரத்தில் கூடிப் பாடுவது வழக்கம். ஆள்காட்டிக்குக் கிளையில் உட்கார வராது. அது மரத்தடியில் நின்று தன் புதுப் பாட்டைப் பாடியது.

மேலேயிருந்து கொண்டைக்குருவி எட்டிப் பார்த்தது. "அக்கா, பாட்டு முடிந்துவிட்டதா? இல்லை, இன்னும் தொண்டையைத்தான் செருமுகிறீர்களா?"

மரமே சிரித்தது.

மறுநாள் ஆள்காட்டி மலைமைனாவைத் தேடிப் போனது. குரலுக்கு மெருகு போடுவதில் மைனா பெயர் வாங்கியது.

"பத்து நாள், காலையில் பிடிக்கிற புழு முழுவதும் எனக்கு. குறைக்க மாட்டேன்" என்றது மைனா.

"வீட்டில் குஞ்சுகள் இருக்கின்றனவே..."

"அப்படியானால் வேண்டாம் அம்மா. நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. சரி, உங்கள் குரலை யார் கேட்க வேண்டும்?"

குஞ்சுகள் என்று சொல்ல ஆள்காட்டிக்கு வெட்கமாக இருந்தது. "காடு முழுக்க" என்றது.

பத்து நாளில் குஞ்சுகளின் கால்கள் ஈர்க்குச்சி ஆயின.

"அம்மா, இன்றும் வெறும் நத்தை ஓடுதானா?"

"பொறு கண்ணு. அம்மா பாடினால் காடே திரும்பிப் பார்க்கப்போகிறது."

பதினோராம் நாள் மைனா வேங்கைப் பிசினை உருட்டி, ஆள்காட்டியின் தொண்டைக்குள் ஆழமாக ஒட்டியது.

"உங்கள் குரல் ஓரிடத்தில் கேட்கவே இல்லை, ஓரிடத்தில் காதைக் கிழிக்கிறது. இனி எல்லா இடமும் ஒரே அளவாக, உருண்டையாக வரும். பிசின் இறுகிவிட்டால் எடுக்க முடியாது. சம்மதம்தானே?"

"சம்மதம்."

அன்றே ஆள்காட்டி மருதமரத்தடியில் பாடியது. வெண்கல மணி போல் ஒலித்தது குரல். "அக்கா! நீங்களா இது? இன்னொரு தடவை!" என்று கெஞ்சியது கொண்டைக்குருவி. ஆள்காட்டி மூன்று முறை பாடியது.

பிறகு மகிழ்ச்சியோடு வீடு திரும்பியது. கூழாங்கல் வெளியை நெருங்கியபோது, தாழம்புதரிலிருந்து ஒரு கீரி மெல்ல வெளியே வருவதைக் கண்டது. குஞ்சுகள் கற்களுக்கிடையே விளையாடிக்கொண்டிருந்தன.

ஆள்காட்டி உயிரைக் கொடுத்துக் கத்தியது: "டிட்-டீ!"

உருண்டையாக, இதமாக வந்தது குரல்.

பசித்த குஞ்சுகள் தலை தூக்கின. "அம்மா இரை கொண்டுவந்துவிட்டாள்!"

"டிட்-டீ! டிட்-டீ!"

எவ்வளவு வீறிட்டாலும் அதே அளவுதான். குஞ்சுகள் முந்திக்கொண்டு திறந்த வெளியில் ஓடி வந்தன. கீரி தேட வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. மூன்றாவது குஞ்சு கடைசி வரை ஆசையோடு அம்மாவையே பார்த்துக்கொண்டு ஓடி வந்தது.

மறுநாள் காலை அந்தப் பக்கமாகப் பறந்த மைனா, கற்கள் நடுவே தனியாக நின்ற ஆள்காட்டியைப் பார்த்துக் கீழே இறங்கியது.

"என்ன அம்மா, குரலில் ஏதாவது குறையா?"

ஆள்காட்டி வெறும் கற்களைப் பார்த்தது.

"குறையே இல்லை" என்றது.

அதுவும் இனிமையாகத்தான் கேட்டது.

நீதி: யார் காதுக்காகப் பாடுகிறோம் என்பதை மறந்துவிட்டுக் குரலுக்கு மெருகு வாங்காதே.